கதையிலிருந்து வந்தவர்கள்: 'ஃபிக்டிவ்' என்றால் யார்?

இணையத்தில் சிலருடைய அறிமுகக் குறிப்பைப் படித்தால் தலை சுற்றும். கணக்கு ஒன்றுதான், உள்ளே எட்டு அல்லது பன்னிரண்டு பெயர்கள் இருக்கும். 'நான்' வரவேண்டிய இடத்தில் 'நாங்கள்' வரும். அந்தப் பெயர்களில் ஒன்றிரண்டு எங்கேயோ கேட்டவைபோல் இருக்கும். தேடிப் பார்த்தால் அது ஏதோ அனிமே தொடரிலோ வீடியோ கேமிலோ வரும் கதாபாத்திரம். 'இவர் எங்கள் சிஸ்டத்தில் இருக்கும் ஃபிக்டிவ்' என்று பக்கத்தில் ஒரு வரி.

படிப்பவருக்கு உடனே மூன்று விளக்கங்கள் தோன்றும். ரசிகர் மோகம் முற்றிவிட்டது, கவனம் ஈர்க்க நடிக்கிறார், இல்லையென்றால் தன்னை அந்தப் பாத்திரமாகவே நம்பும் மனநோய். மூன்றுமே ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் போகின்றன. கதாபாத்திரத்துக்கும், அதன் பெயரோடு ஒருவருக்குள் இருப்பவருக்கும் இடையே தூரம் உண்டு. அந்தத் தூரத்தை எப்படிக் கையாள்வது என்பதுதான் இப்படி வாழ்பவர்களின் அன்றாட வேலை. அதைப் புரிந்துகொள்ளச் சில அடிப்படைகள் வேண்டும்.

## முதலில் சொற்கள்

ஒரே உடலில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் வாழ்வதாக உணரும் நிலைக்கு 'ப்ளூராலிட்டி' என்று பெயர். தமிழில் பன்மை நிலை எனலாம். அந்த உடலுக்குள் இருக்கும் எல்லோரும் சேர்ந்தது ஒரு 'சிஸ்டம்'. அதில் ஒவ்வொருவரும் 'ஹெட்மேட்'. ஒரே அறையில் தங்குபவர் ரூம்மேட் என்றால், ஒரே தலைக்குள் தங்குபவர் ஹெட்மேட். மருத்துவ எழுத்துகளில் இவர்களுக்கு 'ஆல்டர்' என்று பெயர். இங்கே 'உள்ளிருப்பவர்' என்று வைத்துக்கொள்வோம்.

அந்த நேரத்தில் உடலை இயக்குபவர் 'ஃப்ரன்ட்'டில் இருக்கிறார். ஒருவர் பின்வாங்கி இன்னொருவர் முன்வருவது 'ஸ்விட்ச்'. அன்றாட வாழ்க்கையைப் பெரும்பாலும் ஓட்டுபவர் 'ஹோஸ்ட்'. முன்னால் இல்லாதபோது அவர்கள் இருக்கும் மனவெளி 'இன்னர்வேர்ல்ட்'. சிலருக்கு அது ஒரு வீடு, சிலருக்கு ஒரு காடு, சிலருக்கு அப்படி எதுவும் கிடையாது. இந்த அனுபவமே இல்லாத ஒற்றை ஆள் 'சிங்லெட்'.

இனி நம் தலைப்புக்குரிய சொற்கள். வெளியுலகில் கண்ட ஒருவரின் சாயலில் உருவான உள்ளிருப்பவர் 'இன்ட்ரோஜெக்ட்'. மூலச் சொல்லான 'இன்ட்ரோஜெக்‌ஷன்' பழையது. ஹங்கேரிய உளப்பகுப்பாய்வாளர் சாண்டோர் ஃபெரென்ட்சி 1909-ல் அதை அறிமுகப்படுத்தினார். வெளியில் இருப்பதை மனம் உள்ளே எடுத்துத் தன் பகுதியாக்கிக்கொள்வது என்பது பொருள். அப்பா திட்டிய குரல் அப்பா இல்லாதபோதும் உள்ளே ஒலிக்கிறதே, அது இதன் எளிய வடிவம். பன்மை நிலையில் அந்தக் குரல் ஒரு தனி ஆளாகவே நின்றுவிடுகிறது.

இன்ட்ரோஜெக்ட் புனைகதைப் பாத்திரத்திலிருந்து வந்திருந்தால் 'ஃபிக்டிவ்'. உண்மையான மனிதரிடமிருந்து வந்திருந்தால் 'ஃபேக்டிவ்'. அந்தக் கதைக்கோ மனிதருக்கோ 'சோர்ஸ்' என்று பெயர். நாம் மூலம் என்போம்.

## மருத்துவம் எங்கே நிற்கிறது

இதற்கு மிக அருகில் இருக்கும் நோய்ப்பெயர் டி.ஐ.டி., அதாவது விலகல் அடையாளக் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் 1980-ல் 'மல்ட்டிபிள் பெர்சனாலிட்டி' என்ற பெயரோடு இது தனி நோயாக இடம்பெற்றது. 1994-ல் பெயர் மாறியது. ஓர் உடலில் பல முழு மனிதர்கள் என்பதைவிட, ஒருவருடைய அடையாளம் ஒன்றுசேராமல் நிற்கிறது என்ற பார்வை அந்தப் பெயர் மாற்றத்தில் இருக்கிறது. 2013 பதிப்பு கேட்கும் முக்கிய அடையாளங்கள் மூன்று: இரண்டோ அதற்கு மேலோ தனித்தனி ஆளுமை நிலைகள், சாதாரண மறதி என்று தள்ளிவிட முடியாத நினைவு இடைவெளிகள், இவற்றால் உண்டாகும் துன்பம் அல்லது பாதிப்பு. சமூகம் ஏற்றுக்கொண்ட பண்பாட்டு, சமயச் சடங்குகளும், குழந்தைகளின் கற்பனைத் தோழர் விளையாட்டும் கணக்கில் சேராது என்றும் அது சொல்கிறது.

அந்தக் கையேடு எடுத்துக்காட்டும் ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், ஓராண்டுக் காலத்தில் 1.5% பெரியவர்களிடம் இது காணப்பட்டது. ஆய்வு சிறியது என்பதால் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. ஆனாலும் கோடியில் ஒருவருக்கு வரும் அதிசயம் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11 இன்னும் ஒரு படி போகிறது. பல ஆளுமை நிலைகள் இருப்பது மட்டுமே நோய் ஆகாது. அது அவரை வருத்தாமலும் வாழ்க்கையைக் கெடுக்காமலும் இருந்தால் டி.ஐ.டி. என்று சொல்லக்கூடாது என்கிறது. ஆவிகளோடு பேசுபவர்களை அது உதாரணம் காட்டுகிறது. நம் ஊர்க் கொடையில் சாமியாடுபவர் இந்த வரிக்குள் வந்துவிடுவார்.

இரண்டு குழப்பங்களை இங்கேயே விலக்கிவிடலாம். ஒன்று, மனச்சிதைவு வேறு, இது வேறு. இரண்டாவது, நம் சினிமா. 'சந்திரமுகி'யும் 'அந்நிய'னும் ஒரே ஆண்டில், 2005-ல் வந்தன. தமிழர்களில் பெரும்பாலோருக்கு இந்த விஷயம் அவற்றின் வழியாகத்தான் அறிமுகம். இரண்டிலுமே உள்ளிருப்பவர் கொலைவெறியோடு வருகிறார். ஆனால் 'சந்திரமுகி'யின் கங்கா, அரண்மனையில் கேள்விப்பட்ட ஒரு கதையின் நாயகியை உள்ளே வாங்கிக்கொள்கிறாள் என்பதைக் கவனியுங்கள். பேய், கொலை எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது இந்தக் கட்டுரையின் பொருளுக்கு ஓரளவு பக்கத்தில் இருக்கிறது.

அப்புறம், சிஸ்டம் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள் எல்லோரும் டி.ஐ.டி. உள்ளவர்கள் அல்ல. சிறுவயதுக் கொடுமையின் விளைவாக உருவானவை 'ட்ராமாஜெனிக்' சிஸ்டங்கள். அப்படி இல்லாமல் உருவானதாகச் சொல்பவை 'எண்டோஜெனிக்'. இரண்டாவது வகை உண்மையில் சாத்தியமா என்று இவர்களுக்குள்ளேயே பெரிய சண்டை உண்டு. சண்டைக்கென்று தனிப் பெயரே இருக்கிறது: 'சிஸ்கோர்ஸ்'.

## கதாபாத்திரம் உள்ளே வரும் வழிகள்

வழி ஒன்றல்ல. மூன்றையாவது பிரித்துப் பார்க்கலாம்.

1. ஆபத்தில் கைக்கு அகப்பட்டது. டி.ஐ.டி. போன்ற விலகல் கோளாறுகளைப் பற்றி வான் டெர் ஹார்ட், நியென்ஹாய்ஸ், ஸ்டீல் ஆகியோர் 2006-ல் விரிவாக முன்வைத்த கோட்பாட்டை எளிமையாக இப்படிச் சொல்லலாம். குழந்தையின் ஆளுமை பிறக்கும்போதே ஒன்றாக இருப்பதில்லை, வளர வளரச் சேர்கிறது. தொடர்ந்து கொடுமை நடக்கும் வீட்டில் அந்தச் சேர்க்கை நடப்பதில்லை. பள்ளிக்குப் போய் வீட்டுப்பாடம் எழுதும் பகுதி ஒரு பக்கம், அடியையும் பயத்தையும் சுமக்கும் பகுதி இன்னொரு பக்கம் என்று நின்றுவிடுகிறது.

அந்தப் பகுதிகள் தமக்கு ஒரு முகத்தை எங்கிருந்து எடுக்கும்? குழந்தைக்குத் தெரிந்த உலகத்திலிருந்துதான். காப்பாற்ற ஓர் ஆள் தேவை, வீட்டில் அப்படி யாரும் இல்லை, தொலைக்காட்சியில் மட்டும் ஒருவன் எல்லோரையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். பாதுகாக்கும் பகுதி அவன் முகத்தோடு எழுகிறது. அணைத்து ஆறுதல் சொல்ல யாருமில்லாத பிள்ளைக்கு ஒரு கார்ட்டூன் அம்மா வருகிறாள். அழுகையே வராத, எதற்கும் அசராத ஓர் இயந்திர மனிதன் வலியை வாங்கிக்கொள்ள வருகிறான். யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதில்லை. அந்தக் கதை ரொம்பப் பிடித்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஒருமுறை பார்த்து மறந்துபோன தொடரிலிருந்தோ, சுத்தமாகப் பிடிக்காத பாத்திரத்திலிருந்தோ ஃபிக்டிவ் வந்து நின்றதாகச் சொல்பவர்கள் உண்டு. ரசிகர் மோகம் என்ற விளக்கம் இந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது.

2. எழுதி எழுதி உயிர்பெற்றது. இது நோயிலிருந்து விலகிய, எழுத்தாளர்களுக்குப் பழக்கமான பாதை. அமெரிக்க உளவியலாளர் மார்ஜரி டெய்லரும் உடன் ஆய்வாளர்களும் புனைகதை எழுதும் 50 பேரிடம், உங்கள் பாத்திரங்கள் தாமாக இயங்குவதுபோல் தோன்றியதுண்டா என்று விசாரித்தார்கள். 2003-ல் வெளியான அந்த ஆய்வில் 92% பேருக்கு ஓரளவாவது அந்த அனுபவம் இருந்தது. 2020-ல் வெளியான இன்னோர் ஆய்வு எடின்பரோ புத்தக விழாவில் பங்கேற்ற 181 எழுத்தாளர்களைப் பற்றியது. 63% பேர் பாத்திரங்களின் குரல் தமக்குக் கேட்பதாகவும், 61% பேர் பாத்திரங்கள் சுயமாகச் செயல்படுவதாகவும் சொன்னார்கள்.

ஆகவே 'கதாபாத்திரம் என்னிடம் பேசியது' என்பது விசித்திரமான வாக்கியமே அல்ல. டெய்லரின் இன்னோர் ஆய்வில் ஏழு வயதுக்குள் 65% குழந்தைகளுக்குக் கற்பனைத் தோழர் ஒருவர் இருந்திருக்கிறார். ரசிகர் கதைகள் எழுதுபவர்களிடையே 'சோல்பாண்டிங்' என்ற சொல் புழங்கியதும் இந்த வழியில்தான். அவர்கள் சொன்னது, ஒரு பாத்திரம் மனதில் வந்து குடியிருக்கிறது, கதையை எழுதி முடித்த பிறகும் போகவில்லை என்பது.

அப்படியானால் எழுத்தாளருக்கும் சிஸ்டத்துக்கும் என்ன வித்தியாசம்? எழுத்தாளர் மேசையை விட்டு எழுந்தால் பாத்திரம் அங்கேயே இருக்கும். அவருடைய கையைக் கொண்டு காய்கறி வாங்கிவிட்டு, வாங்கியதே தெரியாமல் அவரை விட்டுப் போகாது. டி.ஐ.டி.யில் அது நடக்கிறது. நடுவில் பல படிகள் உண்டு, கோடு போட்டுப் பிரிக்க முடியாது.

3. வேண்டுமென்றே வளர்த்தது. இதற்குப் பெயர் 'டுல்பா'. திபெத்தில் பயணம் செய்த அலெக்சாண்ட்ரா டேவிட்-நீல் 1929-ல் வெளியான தன் நூலில், தியானத்தால் ஒரு துறவியின் உருவத்தைப் படைத்ததாகவும், அது பிறகு தன் கட்டுப்பாட்டை மீறியதாகவும், கரைத்துவிட ஆறு மாதம் ஆனதாகவும் எழுதினார். இன்றைய டுல்பா என்ற கருத்தில் திபெத்திய பௌத்தத்தைவிட பிரம்மஞான சபையின் 'எண்ண உருவங்கள்' பற்றிய கருத்துகளின் பங்கு அதிகம் என்று சமய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தச் சபையின் தலைமையிடம் சென்னை அடையாறு. இந்த விசித்திரக் கதையின் ஒரு நுனி அங்கே வந்து முட்டுகிறது.

2010-களின் தொடக்கத்தில் இணையத்தில் இதைக் கையில் எடுத்தவர்களில் 'மை லிட்டில் போனி' கார்ட்டூனின் வளர்ந்த ரசிகர்கள் முக்கியமானவர்கள். கார்ட்டூன் குதிரைகளைத் தினமும் மனதில் நிறுத்தி, பேசிப் பேசி, பதில் தானாக வரும்வரை பயிற்சி செய்தார்கள். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக மானுடவியலாளர் சாமுவேல் வெஸ்ஸியேர் இவர்களை ஆராய்ந்தபோது, டுல்பாவால் தங்கள் தனிமை குறைந்ததாகப் பலர் சொன்னார்கள். அதே குதிரை, அதே நிறம். ஆனாலும் கொடுமையிலிருந்து தப்பிக்க மனம் உண்டாக்கிய ஃபிக்டிவுக்கும் இதற்கும் பிறப்பு வேறு.

## மூலக்கதையும் அவரும்

ஒரு ஃபிக்டிவுக்குத் தன் மூலத்தோடு என்ன உறவு? வெளியாட்கள் பெரும்பாலும் ஒரே விடையை எதிர்பார்க்கிறார்கள்: 'தன்னை அந்தப் பாத்திரம் என்றே நம்புகிறார்.' நடப்பில் இந்த உறவு பல விதமாக இருக்கிறது, காலப்போக்கில் மாறவும் செய்கிறது.

ஒரு முனையில், மூலத்தோடு முழுக்க ஒன்றியவர்கள். முதன்முதலில் ஃப்ரன்ட்டுக்கு வரும்போது அவர்களுக்குக் கிடைப்பது ஓர் அதிர்ச்சி. கண்ணாடியில் வேறு முகம். வயது, உயரம், சில சமயம் பாலினமும் வேறு. கதையில் வாள் சுழற்றிய கைக்கு இங்கே பாத்திரம் கழுவும் வேலை. உடன்பிறந்தவர்களும் படைத் தோழர்களும் இருந்த ஓர் உலகம் 'கற்பனை' என்று இங்கே சொல்கிறார்கள். ஊரை இழந்து அகதியாக வந்தவரின் துக்கத்தோடு இதை ஒப்பிடுபவர்கள் உண்டு. நடந்திராத ஒன்றுக்காகத் துக்கப்படலாமா என்று கேட்டால், துக்கம் அதைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

கதைக்குள் நடந்தவற்றை நினைவாகவே வைத்திருப்பதற்கு 'எக்ஸோமெமரி' என்று பெயர். இதற்கு முன்பு 'சூடோமெமரி', அதாவது போலி நினைவு, என்ற சொல்லும் புழங்கியது. அதில் இருக்கும் ஏளனம் பிடிக்காமல் பலர் விட்டுவிட்டார்கள். இந்த நினைவுகள் பல சமயம் மூலக்கதையோடு பொருந்துவதில்லை. கதையில் செத்துப்போன தம்பி ஃபிக்டிவின் நினைவில் உயிரோடு இருப்பான். கதையில் வராத ஒரு வீடு, ஒரு மழைநாள் அவருக்கு ஞாபகமிருக்கும். அப்படியானால் புளுகா? ஃபிக்டிவ் உருவானது அச்சில் இருக்கும் கதையிலிருந்து அல்ல. அந்தக் கதையைப் பார்த்த ஒரு மனம் அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டதோ, எதைச் சேர்த்ததோ, அதிலிருந்து. எரிந்த நகரம் ஒன்று நினைவில் திரும்பத் திரும்ப வந்தால், அந்தப் பிள்ளைக்கு வீடு எப்படி இருந்தது என்பதன் மறைமுகப் பேச்சாகவும் அது இருக்கலாம். சிகிச்சை அறையில் அந்த நினைவைத் தூக்கி எறிவது நல்ல வழியல்ல. வரலாறாக எழுதிக்கொள்வதும் நல்ல வழியல்ல.

மறுமுனையில் இருப்பவர்கள், மூலத்தைப் பிறந்த ஊர்போல மட்டும் வைத்திருப்பவர்கள். பெயரை மாற்றிக்கொள்கிறார்கள். உடையும் பேச்சும் ரசனையும் மாறிவிட்டன. யாராவது அந்தத் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தால், திருச்சியில் பிறந்து மும்பையில் நாற்பது வருடம் இருந்தவரிடம் மலைக்கோட்டையைப் பற்றி விசாரித்ததுபோலச் சிரித்துவிட்டு நகர்கிறார்கள். தம்மை ஃபிக்டிவ் என்று சொல்லிக்கொள்வதையே இவர்களில் சிலர் நிறுத்திவிடுகிறார்கள்.

பெரும்பாலோர் நடுவில் இருக்கிறார்கள். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் நடைமுறைச் சிக்கல்கள் அதிகம்.

அதில் ஒன்று, மூலத்தை மறுபடி பார்க்கலாமா என்பது. தொடரின் புதிய பாகம் வருகிறது. அதில் 'தான்' துரோகியாகிறார், அல்லது சாகிறார். சிலர் அதைத் தொடுவதே இல்லை. சிலர் வேறோர் உள்ளிருப்பவரை முதலில் பார்க்கச் சொல்லிவிட்டுப் பிறகு முடிவெடுக்கிறார்கள். புதிய பாகத்தில் நடந்தது இவரைக் கட்டுப்படுத்தாது. கதாசிரியர் எழுதியது பாத்திரத்தின் வாழ்க்கையை, இவர் அதற்கு முன்பே பிரிந்து வந்துவிட்டார்.

இன்னொன்று, தன் முகத்தைக் கடையில் பார்ப்பது. சாவிக்கொத்தில், டீ சட்டையில், முன்பின் தெரியாதவர்கள் வரைந்த படங்களில். ஒருவருக்கு அது பழைய புகைப்படம் கிடைத்த மகிழ்ச்சி, இன்னொருவருக்கு அருவருப்பு. ரசிகர்கள் வரையும் ஆபாசப் படங்கள் கண்ணில் படுவதைப் பற்றிய புகாரும் உண்டு. அதில் வரைந்தவர் தவறென்று சொல்ல முடியாது, பார்த்தவருக்கு ஏற்பட்ட கூச்சமும் பொய்யல்ல.

பிறகு 'டபுள்' சிக்கல். ஒரே பாத்திரத்தின் ஃபிக்டிவ் இரண்டு வேறு சிஸ்டங்களில் இருந்தால்? புகழ்பெற்ற பாத்திரம் என்றால் இது நடந்தே தீரும். சிலருக்கு இன்னொரு 'தன்னை'ச் சந்திப்பது தாங்க முடியாத குழப்பம் என்பதால், 'டபுள்ஸ் விலகி இருக்கவும்' என்று அறிமுகத்திலேயே எழுதிவைக்கிறார்கள். சிலர் இரட்டைப் பிள்ளைகள்போல ஒட்டிக்கொள்கிறார்கள். தர்க்கத்தில் மோதலே இல்லை. இரண்டு மனங்கள் ஒரே கதையைப் பார்த்து இரண்டு ஆட்களைச் செய்திருக்கின்றன. ஒரே கூத்தை இரண்டு ஊர்க் குழுக்கள் ஆடினால் எந்த அர்ஜுனன் அசல் என்று யாரும் பஞ்சாயத்து வைப்பதில்லை.

ஒரே சிஸ்டத்துக்குள் ஒரே கதையிலிருந்து பலர் வந்திருந்தால் அவர்கள் 'சோர்ஸ்மேட்'. கதையில் காதலர்கள் என்பதால் இங்கேயும் காதலர்களாக இருந்தாக வேண்டியதில்லை. கதையில் எதிரிகளான இருவர் உள்ளே ஒரு குழந்தை உள்ளிருப்பவரைச் சேர்ந்து பார்த்துக்கொள்வதும் உண்டு.

## வில்லன் முகத்தோடு வருபவர்

வெளியாட்களை அதிகம் பயமுறுத்துவது இது. ஒரு சிஸ்டத்தில் கொடூரமான வில்லன் ஒருவன் ஃபிக்டிவாக இருக்கிறான் என்றால் 'ஐயோ' என்று தோன்றும்.

பல சிஸ்டங்களில் 'பெர்சிக்யூட்டர்' எனப்படும் ஓர் உள்ளிருப்பவர் இருக்கிறார். மற்றவர்களைத் திட்டுவார், மிரட்டுவார், உடலைக் காயப்படுத்தவும் செய்வார். சிகிச்சையாளர்கள் இவரைப் பற்றிச் சொல்வது: கேட்டுப் பார்த்தால் பல சமயம் இவரும் ஒருவகைக் காவலர். நடந்ததை வெளியே சொன்னால் அடி விழும் என்பதைச் சிறுவயதில் கற்றுக்கொண்ட ஒரு பகுதி, யாரும் வாய் திறக்காமல் பார்த்துக்கொள்கிறது. கொடுமைக்காரர் அடிப்பதற்கு முன்பே தானே அடித்துக்கொண்டால் வலி குறையும் என்பது அதன் கணக்கு. அந்தப் பகுதிக்கு அசல் கொடுமைக்காரரின் முகத்தை மாட்டுவது தாங்க முடியாததாக இருக்கும்போது, திரையில் பார்த்த வில்லனின் முகம் வசதியான மாற்று. குறைந்தபட்சம் அந்த முகம் வீட்டில் நடமாடாது.

இதனால் மன அதிர்ச்சிக்கும் விலகலுக்குமான சர்வதேச ஆய்வுச் சங்கம் 2011-ல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டி, எந்த உள்ளிருப்பவரையும் புறக்கணிக்கவோ விரட்டவோ சொல்வது பயன் தராது என்கிறது. அதே மூச்சில், புதிதாக ஆட்களை உருவாக்கவோ, பெயர் இல்லாதவர்களுக்குப் பெயர் வைக்கவோ சிகிச்சையாளர் தூண்டக்கூடாது என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வந்தவரைத் துரத்தாதே, வராதவரை அழைக்காதே.

வில்லன் ஃபிக்டிவுக்குக் கதையில் செய்த குற்றங்களில் பொறுப்பு உண்டா? ஊரையே கொளுத்தியதற்கு இவர் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? இவர்கள் நடுவில் பரவலாக ஏற்கப்படும் பதில்: கதையில் நடந்ததற்குப் பொறுப்பில்லை, இந்த உடலால் இன்று செய்வதற்கு உண்டு. 'நான் அந்தப் பாத்திரம், அப்படித்தான் பேசுவேன்' என்று நண்பரைப் புண்படுத்திவிட்டுத் தப்ப முடியாது. மருத்துவ வழிகாட்டியும் முழு மனிதரையே, அதாவது சிஸ்டம் முழுவதையும், நடத்தைக்குப் பொறுப்பாக்குகிறது. சிகிச்சை அறையும் இணையச் சமூகமும் இவ்வளவு தெளிவாக ஒத்துப்போகும் இடம் வேறு அதிகமில்லை.

## உயிரோடிருக்கும் மனிதரின் முகம்

ஃபிக்டிவுக்கும் ஃபேக்டிவுக்கும் நடுவில் கோடு மங்கிய ஒரு வழக்கு 2020-ல் தொடங்கிய 'ட்ரீம் எஸ்.எம்.பி.'. மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் சில யூடியூபர்கள் நேரலையில் நடித்த தொடர்கதை அது. நாடு பிறந்தது, புரட்சி நடந்தது, துரோகம், மரணம் எல்லாம் இருந்தன. ஆனால் நடித்தவர்களின் இணையப் பெயரும் பாத்திரத்தின் பெயரும் ஒன்றே. கோவிட் முடக்கத்தில் வீட்டில் அடைந்து கிடந்த பதின்வயதினர் அதை மணிக்கணக்கில் பார்த்தார்கள். அதிலிருந்து ஃபிக்டிவ்கள் வந்ததாகச் சொன்ன சிஸ்டங்கள் கண்ணில் படத் தொடங்கின.

உடனே கேள்வி எழுந்தது. உள்ளே வந்திருப்பவர் பாத்திரமா, அந்த இளைஞரா? பாத்திரம் என்றால் சிக்கல் குறைவு. அந்த இளைஞர் என்றால், அவருக்கு வீடு, குடும்பம், அந்தரங்கம் எல்லாம் இருக்கிறது, தன் பெயரில் இன்னொருவர் தலைக்குள் ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது. ஃபேக்டிவ் விஷயத்தில் இவர்களே வகுத்துக்கொண்ட ஒழுங்கு இதனால் கண்டிப்பானது. மூல மனிதரைத் தொடர்புகொண்டு 'நான்தான் நீங்கள்' என்று சொல்லக்கூடாது. அவருடைய உறவுகளிலோ வாழ்க்கையிலோ உரிமை கொண்டாடக்கூடாது. பொதுவெளியில் வேறு பெயர் வைத்துக்கொள்வது நல்லது. எல்லோரும் இதைப் பின்பற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். பின்பற்றாதவர்களால் கெட்ட பெயர் எல்லோருக்கும் போகிறது.

## உள்ளே அவருக்கு என்ன இடம்

வெளியே கேலி என்றால் உள்ளே வெட்கம். ஹோஸ்ட் தன் நோய்க்கதையை மருத்துவரிடம் சொல்லும்போது மற்ற எல்லோரைப் பற்றியும் சொல்லிவிட்டு, கார்ட்டூன் பெயருள்ளவரை மட்டும் மறைப்பது சாதாரணம். கதாபாத்திரம் என்று சொன்னால் முழுக் கதையையும் நம்ப மாட்டார்கள் என்ற பயம். பாதிக்கப்பட்ட ஃபிக்டிவ் இதை எப்படிப் பார்ப்பார் என்று யோசியுங்கள். பத்து வருடமாக இரவுகளில் அந்தப் பிள்ளையைத் தூங்கவைத்தவர் அவர், விருந்தாளி வந்தால் அவரைத்தான் உள் அறைக்கு அனுப்புகிறார்கள்.

பேசிப் பழகக் கருவிகளும் வந்துவிட்டன. டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் 'ப்ளூரல்கிட்' என்ற 'பாட்' (தானியங்கி நிரல்) ஒன்று, ஒரே கணக்கிலிருந்து ஒவ்வோர் உள்ளிருப்பவரும் தன் பெயரோடும் படத்தோடும் செய்தி அனுப்ப வழி செய்கிறது. ஃபிக்டிவ் தன் குரலில் ஒரு வாக்கியம் எழுதிப் பார்க்க முதலில் கிடைக்கும் இடம் பலருக்கு அதுதான்.

சிகிச்சையின் முடிவில் இவர்கள் என்ன ஆவார்கள்? வழிகாட்டியின்படி சிகிச்சை மூன்று கட்டம்: முதலில் பாதுகாப்பும் நிதானமும், பிறகு கொடுமையின் நினைவுகளைக் கையாள்வது, கடைசியில் ஒருங்கிணைப்பும் புதிய வாழ்க்கையும். எல்லோரும் கலந்து ஒருவராவது ஒரு முடிவு. தனித்தனியாகவே இருந்து, ஒளிவுமறைவின்றி ஒத்துழைத்து வாழ்வது இன்னொரு முடிவு. பல சிஸ்டங்கள் இரண்டாவதையே விரும்புகின்றன. கலப்பது தனக்கு மரணமா என்று உள்ளிருப்பவர் யாராக இருந்தாலும் கேட்பார். ஏற்கெனவே ஓர் உலகத்தை இழந்து வந்ததாக உணரும் ஃபிக்டிவுக்கு அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக இருக்கும்.

## நம்பலாமா?

சந்தேகத்துக்கும் நியாயம் உண்டு. டி.ஐ.டி. பெரும்பாலும் சமூகம் சொல்லிக்கொடுக்கும் ஒரு பாத்திரம் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். கனடாவில் பணியாற்றிய உளவியலாளர் நிக்கலஸ் ஸ்பானோஸ் 1990-களில் இதை வலுவாக முன்வைத்தார். சினிமாவும் கேள்விகளை நீட்டி வழிகாட்டும் சிகிச்சையாளர்களும் சேர்ந்து நோயாளிக்கு ஒரு வடிவத்தைக் கொடுக்கிறார்கள் என்பது வாதம். கொடுமைதான் வேர் என்று சொல்லும் ஆய்வாளர்களுக்கும் இவர்களுக்குமான தகராறு இன்னும் ஓயவில்லை.

2021-ல் போலந்து ஆய்வாளர்கள், டி.ஐ.டி. இருப்பதாக உறுதியாக நம்பியும் பரிசோதனையில் இல்லை என்று தெரிந்த 6 பெண்களைப் பற்றி எழுதினார்கள். அவர்களுக்கு அந்தப் பெயர் தங்கள் குழப்பமான உணர்ச்சிகளுக்கு ஒரு விளக்கமாக இருந்தது. 'இல்லை' என்ற பதில் சிலருக்கு ஏமாற்றமும் தந்தது. அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல, கஷ்டம் உண்மை, பெயர்தான் தவறு. டிக்டாக்கில் 2020-க்குப் பிறகு இத்தகைய காணொளிகள் பெருகியதும், பதின்வயதினர் தாமே முடிவுகட்டிக்கொண்டு வருவதாக மருத்துவர்கள் எழுதத் தொடங்கியதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

என் கணிப்பில், ஃபிக்டிவ் இருப்பதை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு சொல்ல முடியாது. இருப்பதால் அவர் பொய்யர் ஆகிவிடுவதில்லை, ஏனென்றால் மனம் கைக்குக் கிடைத்த முகங்களைத்தான் எடுக்கும், இன்றைய பிள்ளைகளின் கைக்குக் கிடைப்பவை திரையில் இருக்கின்றன. இருப்பதால் டி.ஐ.டி. என்று நிரூபணமும் ஆகாது, ஏனென்றால் எழுத்தாளர்களுக்கும் குழந்தைகளுக்கும் இதன் மெல்லிய வடிவம் இருக்கிறது. மருத்துவர் பார்ப்பது வேறு விஷயங்களை: நேரம் காணாமல் போகிறதா, வாங்கிய நினைவில்லாத பொருள்கள் பையில் இருக்கின்றனவா, வேலையும் உறவும் சரிகின்றனவா. எத்தனை பேர், என்ன பெயர் என்பது அதற்கு அப்புறம்.

## தெரிந்தவர் ஒருவர் சொன்னால்

1. சொன்ன பெயரில் கூப்பிடுங்கள். நம்புகிறீர்களா இல்லையா என்பதை அன்றே முடிவுசெய்ய வேண்டியதில்லை.

2. மூலக்கதையில் வினாடி வினா நடத்தாதீர்கள். 'நீ அவன்தானே, மூன்றாம் பாகத்தில் என்ன நடந்தது சொல்' என்பது, இதுவரை படித்ததை வைத்துப் பார்த்தால், தவறான கேள்வி.

3. அந்தப் பாத்திரத்தின் ரசிகராக நீங்கள் இருந்தால் இன்னும் கவனம். 'அவரைக் கொஞ்சம் வரச்சொல்லேன்' என்று கேட்பது, சபையில் பிள்ளையைப் பாடச்சொல்லி நச்சரிப்பதைவிட மோசம். ஸ்விட்ச் பல சமயம் பயத்தாலும் களைப்பாலும் நடப்பது, கேட்டால் வருவதல்ல.

4. எல்லை போடத் தயங்காதீர்கள். பணம் கடன் வாங்கியது எந்தப் பெயராக இருந்தாலும் திருப்பித் தரவேண்டியது அந்த நபர்.

5. நினைவு தப்புகிறது, உடலைக் காயப்படுத்திக்கொள்கிறார் என்றால் பேச்சை விட்டுவிட்டு உதவிக்குப் போகலாம். இந்தியாவில் டெலி மானஸ் இலவச எண் 14416, தமிழிலும் பேசலாம். அழைக்கும்போது கார்ட்டூன் பெயரிலிருந்து தொடங்க வேண்டாம். தூக்கம், மறதி, காயம் என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்கு வேலை எளிது. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதை அவர்கள் தாங்களாக, தங்கள் வேகத்தில் சொல்லிக்கொள்ளட்டும்.